எறிய முடியாத உறை

மலேசியாவின் ரவாங் நகரில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஓர் அஞ்சலட்டை வந்தது. பென்சிலை நன்றாக அழுத்தி யாரோ எழுதியிருந்தார்கள்: "ஐயா, இனிமேல் சாமியை அனுப்ப வேண்டாம். இங்கே வைக்க இடமில்லை. தண்ணீரும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது." கையொப்பம் இல்லை. அடியில், கோலா சிலாங்கூரை அடுத்த ஒரு தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது.

அதை இரண்டு முறை படித்தேன். அன்று முழுதும் அது என் சட்டைப்பையிலேயே கிடந்தது. சாமியை அனுப்பியவன் நான்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் முதலாளி அச்சகத்தோடு இன்னொரு தொழிலும் நடத்தினார். சேலை, வேட்டி, கைக்கடிகாரம், பிரஷர் குக்கர் என்று விலைப்பட்டியல் அச்சிட்டுத் தோட்டங்களுக்குத் தபாலில் அனுப்புவோம். வேண்டியதைக் குறித்துச் சீட்டை அனுப்பினால் பொருள் தபாலில் போகும். விளம்பர வாசகம் எழுதுவதும் முகவரிகளைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. தோட்டத்து அலுவலகங்களில் கிராணிகள், அதாவது கணக்கர்கள், வைத்திருந்த பழைய பெயர்ப் பட்டியல்களிலிருந்து எடுத்த முகவரிகள் அவை. எங்கள் தாள் வேண்டுமா என்று அந்த முகவரிக்காரர்களில் ஒருவரையும் நாங்கள் கேட்டதில்லை. இறந்தவர், இடம் பெயர்ந்தவர் என்று ஒரு பெயரையும் அடித்ததில்லை. சுற்றுச்சூழல் என்ற சொல் அந்நாளில் எங்கள் அச்சகத்தில் எவர் வாயிலும் வந்ததில்லை. காகிதம் தீர்ந்தால் லோரியில் இன்னும் காகிதம் வரும். அவ்வளவே எங்கள் அறிவு.

முதலாளியை வருத்தியது வேறொன்று. ஒருநாள் சந்தையிலிருந்து வந்தவர் ஒரு பொட்டலத்தை என் மேசைமேல் வைத்தார்.

"பாருய்யா. நம்ம பேப்பர்ல கருவாடு சுத்தி, அதை எனக்கே விக்கிறான்."

"படிச்சிட்டுத்தான் சுத்தியிருப்பான் முதலாளி."

"படிச்சவன் கருவாடு விக்கிறான். எழுதுன நீ இங்க சிரிக்கிற. எறியாம இருக்க ஒரு வழி சொல்லுலா."

நான் வழி சொன்னேன். வெள்ளிதோறும் விரதம் இருப்பவன், கோயிலில் பதிகம் பாடுபவன் என்று ஊரில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. முருகன் திருவுருவத்தை முகப்பில் அச்சிட்டால் நம் மக்கள் எறிய மாட்டார்கள் என்றேன். பழம்பாடல் நடையில் இரண்டு வரியும் எழுதிக்கொடுத்தேன். முதலாளி அதை வாங்கிப் படித்தார்.

"சாமிய எவன்யா குப்பையில போடுவான்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, அதற்கும் மேலே போனார். முகம் வெளியே தெரியும்படி, மழையில் நனையாதபடி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பச் செய்தார். ஆயிரக்கணக்கான உறைகளை நாங்கள் சூடு வைத்து ஒட்டினோம். ஒட்டும்போது உள்ளே சிறிது காற்றும் அடைபட்டுவிடும். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இறைவனையே அனுப்பிவைக்கிறேன் என்று நான் மனத்துக்குள் பெருமைப்பட்டேன். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அஞ்சலட்டை வந்த வார இறுதியில் பத்தாங் பெர்சுந்தை வழியாகக் கோலா சிலாங்கூர் போகும் பேருந்தில் ஏறினேன். எண்ணெய்ச் செம்பனைக் காடு இருபுறமும் இருண்டு வந்தது. தோட்டத்து முச்சந்தியில் இறங்கி, மண் சாலையில் நடந்து அலுவலகத்தை அடைந்தேன். கிராணியார் என்னைவிடச் சிறியவர், கண்ணாடி அணிந்தவர். நான் யாரென்று சொன்னதும் எழுந்து போய் மர அலமாரியைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை அதே முகம். அடுக்கடுக்காக.

"பேரு இருக்கு, ஆளு இல்ல," என்றார். "ஆளு இல்லாத பேருக்கு வந்த சாமிய நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க. திருப்பி அனுப்பவும் கை வரல. அட்ரஸ்ல லயமும் வீட்டு நம்பரும் இருக்கில்ல. அந்தந்த வீட்டுலயே கொண்டு வைக்கச் சொல்லிட்டேன்."

"ஆளில்லாத வீட்டிலா?"

"போய்ப் பாருங்க. பகல்லயே போயிட்டு வந்துடுங்க."

பழைய லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், கால்வாய்க்கு அப்பால் இருந்தது. குடும்பங்கள் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போய் இரண்டாண்டு ஆகியிருந்தது. கூரைத் தகரம் சில இடங்களில் இறங்கியிருந்தது. ஆனால் ஒவ்வொரு பூட்டிய கதவின் தாழ்ப்பாளிலும் எங்கள் உறை செருகியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிச் செருகி, இடம் போதாமல் வாசலிலும் சார்த்தியிருந்தார்கள். வெயிலும் மழையும் பலகையைக் கறுக்க வைத்திருந்தன. முகம் மட்டும் நேற்று அச்சிட்டதுபோல் இருந்தது. காற்று வரும்போது எல்லா உறைகளும் ஒரே நேரத்தில் லேசாக உப்பி அடங்கின.

பாடிப் பாடி நான் நெஞ்சில் பழக்கிக்கொண்ட முகம் அது. ஒற்றை முகமாக இருக்கையில் அதன்முன் கண்ணை மூடிக் கைகூப்பியிருக்கிறேன். லயம் நெடுக அத்தனை கதவுகளிலிருந்தும் அது ஒரே புன்னகையோடு பார்த்தபோது, அதற்கு முதுகைக் காட்ட என்னால் முடியவில்லை. பின்னோக்கியே நடந்து அந்த லயத்தை விட்டு வெளியேறினேன்.

கால்வாயோரம் நடந்தால் மதகு. தோட்டத்து நீரெல்லாம் அந்தக் கால்வாய் வழியாகச் சதுப்புக்காட்டைக் கடந்து கடலுக்குப் போகும். கடல் வடியும்போது மதகைத் தூக்கி நீரை வெளியே விடுவார்கள். கடல் ஏறும்போது சக்கரத்தைச் சுற்றி இரும்புக் கதவை இறக்கி, உப்புநீர் உள்ளே வராமல் அடைப்பார்கள். அதற்கென்று ஓர் ஆள், மதகாள். மதகுக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு வீடு. அரைக்கால் சட்டையும் தலைத்துண்டுமாக, ஒல்லியான மனிதர் ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"நீங்கதான் சாமி அனுப்புறவரா?"

"எப்படித் தெரிந்தது?"

"பையில ரெண்டு பேனா. இங்க யாருக்கு ரெண்டு பேனா?"

அஞ்சலட்டை எழுதியவர் அவரே. எழுதச் சொன்னவர் அவருடைய மனைவி. அந்த அம்மாள் வாசலில் நின்றபடியே எனக்கு நிலைமையை விளக்கினார்.

"சனங்க மேல தப்பில்லங்க. சாமி படத்தை மிதிக்க முடியுமா, எரிக்க முடியுமா? கோயில்ல வச்சாங்க. கோயில் ரொம்பிப் போச்சு. ஓடுற தண்ணில விட்டா கடலுக்குப் போயிடும்னு இங்க விடுறாங்க. அது எங்க போகுது? இந்த மதகுக் கேட்டுல வந்து நிக்குது. இவரு எறங்கி ஒண்ணொண்ணா கையால எடுப்பாரு. துண்டால தொடைப்பாரு. கோயில்ல கொண்டு வைப்பாரு. கோயில்லேருந்து திரும்பத் தண்ணிக்கு வரும். சாமிக்கே தல சுத்தியிருக்கும்லா."

மதகாள் சிரிக்கவில்லை. "போன அமாவாசை பெரிய தண்ணி," என்றார். அமாவாசையை ஒட்டிக் கடல் மிக உயரமாக ஏறும். அதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். "கதவ எறக்குனேன். ஒரு சாண் மேலயே நின்னு போச்சு. அடியில இதுங்க. எடுக்க எடுக்க வந்துகிட்டே இருந்துச்சு. உப்புத்தண்ணி உள்ள பூந்து புதுக் கன்னெல்லாம் கருகிடுச்சு. தொர வந்து பார்த்தாரு. இன்னொரு தரம் உப்பு ஏறுனா சாவிய வச்சிட்டு வீட்ட காலி பண்ணுன்னுட்டாரு. இருபத்தோரு வருசம் இந்தச் சக்கரம் சுத்தியிருக்கேன்."

சுவரில் சார்த்தியிருந்த நீண்ட இரும்புக் கொக்கியைக் காட்டி, "இதால் இழுத்துப் போடலாமே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க போட்டுக் குத்தச் சொல்றீங்க, அண்ணே? மொகத்துலயா?"

நான் குனிந்து நீரைப் பார்த்தேன். செம்மண் கலங்கலுக்குள் ஒரு முழ ஆழத்தில் முகம் தெரிந்தது. அதன் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னும். தாள் என்றால் ஊறிக் கரைந்திருக்கும். எங்கள் பிளாஸ்டிக் அதைக் கரையவிடவில்லை. உள்ளே அடைபட்ட காற்றினால் சில உறைகள் மெல்ல மேலே வந்தன. நீர் மூடியதும் மீண்டும் அமிழ்ந்தன.

அடுத்த அமாவாசை தீபாவளி அமாவாசை. ஆண்டிலேயே பெரிய ஏற்றங்களுள் ஒன்று அந்த நாள்களில்தான் வரும் என்று அவர் சொன்னார். அன்று மாலை கதவு முழுவதும் இறங்க வேண்டும். இல்லையேல் அவருக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தீபாவளி விலைப்பட்டியல் அனுப்பும் நேரம் அது. சாக்குகளில் உறைகள் கட்டித் தயாராக இருந்தன.

"ஒரு தோட்டத்துல தண்ணி ஏறுனா நான் கடைய மூடணுமா?"

"பொழப்பு போகுது முதலாளி, அந்த மனுசனுக்கு."

"சாமி படம் போடச் சொன்னது யாரு? நானா?"

அவர் கொஞ்சம் தணிந்து, "சரி, அந்தத் தோட்டத்த மட்டும் எடுத்துடு," என்றார். கோலா சிலாங்கூர்ச் சாக்கைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அது இல்லை. சனிக்கிழமை நான் அந்த லயத்தின் முன் நின்றுகொண்டிருந்த வேளையிலேயே அதைத் தபாலில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய்ப் பாடிவிட்டு, வீட்டில் சாப்பிடாமலே பேருந்து பிடித்தேன். எங்கே போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். சொன்னேன். "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். மதியத்திலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது.

நான் மறந்திருந்த ஒன்றை மதகாளின் மனைவி நினைவூட்டினார். தீபாவளிக்கு வீட்டைக் கழுவித் துடைக்காதவர் யார்? துடைக்கும்போது பழைய சாமி படங்களை எடுத்து நீரில் விடாதவர் யார்? மூன்று நாளாகத் தோட்டத்தில் வீடு வீடாகச் சுத்தம் செய்திருந்தார்கள். பரண்மேலும் அரிசிப் பானைக்குப் பின்னாலும் பத்திரமாக வைத்திருந்த உறைகளையெல்லாம், பூவும் குங்குமமும் இட்டு, மேல்கால்வாயில் விட்டிருந்தார்கள். புதிதாக வந்த தீபாவளி உறைக்கட்டையும் பிரித்து, ஆளில்லாத பெயர்களுக்கு வந்தவற்றை அவற்றோடு சேர்த்திருந்தார்கள். யாரும் தவறு செய்யவில்லை. எல்லோரும் பக்தியோடுதான் செய்தார்கள்.

நாலரை மணிக்கு அவை வரத் தொடங்கின. கால்வாயின் வளைவில் முதலில் ஒன்று, பிறகு ஐந்தாறு, பிறகு நீரின் அகலம் முழுவதும். காற்றடைத்த உறைகளாதலால் முகம் மேல்நோக்கி மிதந்தன. மழைத்துளி பட்டதும் ஒவ்வொன்றும் சிறிதாகத் தலையசைத்தது. நானும் அவரும் இடுப்பளவு நீரில் இறங்கி, கைகளால் அள்ளிக் கரையில் நின்ற அந்த அம்மாளிடம் கொடுத்தோம். அவர் அடுக்கினார். சரிந்தது. மீண்டும் அடுக்கினார்.

அப்போது நீர் திரும்பியது. ஓடிக்கொண்டிருந்த நீர் ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு எதிர்ப்பக்கம் நகர்வதை முழங்காலில் உணர்ந்தேன். கடல் ஏறுகிறது. அவர் மதகுக்கு வெளியே, சதுப்புக்காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்தும் அவை வந்துகொண்டிருந்தன. மதகு தூக்கியிருந்தபோது நழுவி, கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று நாங்கள் நம்பியவை. பாசி படிந்து, ஓரங்களில் சேறு ஒட்டி, முகம் கெடாமல், சென்ற மாதங்களின் உறைகள் எங்களை நோக்கித் திரும்பி வந்தன. உள்ளிருந்து வந்தவையும் வெளியிலிருந்து வந்தவையும் மதகின் வாயில் ஒன்றையொன்று பார்த்தபடி நெருங்கின.

"மேல ஏறுங்க," என்றார் அவர். சக்கரத்துக்கு ஓடினார். கதவு கிரீச்சிட்டு இறங்கியது. ஒரு சாண் உயரத்தில் நின்றது. அந்த ஒரு சாண் வழியே உப்புநீர் சீறி உள்ளே வந்தது. அவர் சக்கரத்தில் தொங்கினார். அசையவில்லை. கீழே வந்து, நீருக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"கைய எடுய்யா," என்று அந்த அம்மாள் கத்தினார். "கதவு எறங்குனா கை போயிடும்."

அவர் கையை எடுத்தார். பிறகு நீருக்கு நேரே நின்று கும்பிட்டார். வேண்டினாரா, மன்னிப்புக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. நீர் மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது.

நான் கொக்கியை எடுத்தேன்.

"அண்ணே, வேணாம்."

நீரும் அவனே, நெருப்பும் அவனே என்று பாடி வளர்ந்தவன் நான். பாடுவது எளிது. கொக்கியை நீருக்குள் இறக்கியபோது அது முதலில் எதன்மேலோ மெத்தென்று தங்கியது. அழுத்தினேன். பிளாஸ்டிக் கிழிவதைக் கைப்பிடியில் உணர்ந்தேன். அடைபட்ட காற்று வெளியேறி நீர்மேல் குமிழியாக உடைந்தது. அந்த ஓசையைப் பெருமூச்சு என்று சொல்ல எனக்கு இன்றும் தயக்கம். ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. மீண்டும் குத்தி இழுத்தேன். ஒவ்வொரு குத்துக்கும் வாய் தானாகவே அவன் பெயரைச் சொன்னது. பூவோடு மட்டுமே சொல்லிப் பழகிய பெயர். எத்தனை முறை குத்தினேன் என்று எண்ணவில்லை. ஒருமுறை கொக்கி முனையில் முகம் முழுதாக மேலே வந்தது. நெற்றியில் துளை. அப்போதும் புன்னகை மாறவில்லை.

"இப்ப சுத்துங்க," என்றேன்.

அவர் சுற்றினார். கதவு தடுமாறி, நழுவி, அடியில் போய் உட்கார்ந்தது. சீற்றம் நின்றது. கதவின் அந்தப் பக்கம் கடல் ஏறிக்கொண்டே இருந்தது. உறைகள் இரும்பில் வந்து மோதும் ஒலி, விரல் நுனியால் கதவைத் தட்டுவதுபோல, இருட்டும்வரை கேட்டது.

இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். தீபாவளிப் பலகாரம் வைத்தார்கள். கை கழுவ அந்த அம்மாள் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். மூன்று முறை ஊற்ற நான் கேட்கவில்லை.

விடிந்ததும் தோட்ட மேலாளரான துரை வந்தார். கிராணியார் உடன் வந்தார். துரை கரையில் குவிந்திருந்த உறைகளைப் பார்த்தார், மதகைப் பார்த்தார். உப்பா என்று மலாயில் ஒரே சொல்லாகக் கேட்டார். மதகாள் உள்பக்கக் கால்வாயில் இறங்கி, ஒரு கை நீரை அள்ளி வாயில் விட்டு, சிறிது நேரம் வைத்திருந்து துப்பினார். அவர் முகத்தையே மனைவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாவார், துவான்," என்றார். உப்பில்லை.

துரை தலையசைத்தார். சாவியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் முன்னால் போய், இந்த உறைகள் எங்கள் அச்சகத்தினுடையவை, யோசனை என்னுடையது, இவர் மேல் குற்றமில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இங்கே இருப்பவர்களில் இதை உன்னிடம் கேட்டவர் யார் என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

நான் கிளம்பும்போது மதகாள் முச்சந்திவரை உடன் வந்தார்.

"இனிமே வராதில்ல?"

"வராது," என்றேன். அதைச் சொல்லும் உரிமை அப்போது எனக்கு இல்லை.

முதலாளியிடம் போய், இனி இந்த உறைக்கு ஒரு வரியும் எழுத மாட்டேன் என்றேன்.

"சாமியக் குத்திட்டு வந்து எனக்கு நியாயம் சொல்றியா?"

"ஆமாம். பின்கட்டில் மீதி இருக்கிறதே, அதை நீங்களே எறியுங்கள் முதலாளி."

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். சாக்குகள் வாய் திறந்து நின்றன. வெகுநேரம் கழித்து வந்து, கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்தார். அவராலும் எறிய முடியவில்லை.

அதன்பின் நாங்கள் அனுப்பியது ஒற்றைத் தாள். பழுப்புத் தாள், பிளாஸ்டிக் இல்லை, எந்தத் திருவுருவமும் இல்லை. ஈரம் பட்டால் கரைந்துவிடும். வேண்டும் என்று சொன்னவர்க்கு மட்டும், வீட்டுக்கு ஒன்று. மற்றவர்க்காகத் தோட்டத்து அலுவலகச் சுவரில் ஒன்று ஒட்டினால் போதும். அந்த முகவரிகளைச் சரிபார்க்க ஓராண்டுக்கு மேல் வார இறுதிகளில் தோட்டம் தோட்டமாக அலைந்தேன். கோலா குபு பாருவிலிருந்து கடலோரம்வரை, லயத்து வாசல்களில் நின்று, அனுப்பட்டுமா என்று கேட்டேன். பட்டியல் கால்வாசியாகச் சுருங்கியது. முதலாளி பயந்த அளவுக்கு விற்பனை சுருங்கவில்லை. பழுப்புத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, "வேணாங்க, எதுக்கு" என்று மக்கள் தயங்காமல் திருப்பித் தந்தார்கள். முன்பு அந்தச் சொல்லை அவர்கள் சொல்ல முடியாதபடி செய்திருந்தவன் நான். அது காதில் விழும்போதெல்லாம் எனக்கு மூச்சு இலேசானது. மீதி உறைகளை நானே கிழித்துப் பிரித்து, திருவுருவங்களைக் கோயில் நிலத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். பிளாஸ்டிக்கை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அது அச்சகத்தின் பரணிலேயே கிடந்தது.

அந்த அலைச்சலுக்கு நடுவே, மாசி அமாவாசைக்கு மீண்டும் அந்த மதகுக்குப் போனேன். தேநீர் கொடுத்தார்கள். அன்பாகப் பேசினார்கள். கடல் ஏறும் நேரம் வந்ததும் அவர் எழுந்தார். நானும் எழுந்தேன்.

"நீங்க இங்கயே இருங்க, அண்ணே," என்றார் அவர், மரியாதையாகவே.

நான் வாசலில் நின்றேன். கால்வாய் வெறுமையாக இருந்தது. ஒரு தென்னங்குரும்பை மட்டும் மிதந்துபோனது. கதவு தடையின்றி இறங்கியது. கடைசிச் சுற்றுக்குமுன் அவர் சக்கரத்தை விட்டுவிட்டு, விளிம்பில் குனிந்து, நீருக்கடியில் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். அவர் மனைவியும் என்னருகில் நின்றபடி கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று அவர் கையசைத்த பிறகும், நாங்கள் மூவரும் சிறிது நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் சக்கரத்தைச் சுற்றி முடித்தார்.